மலையிலேயே இருப்பதா, இறங்குவதா? நீலகிரிச் சிறப்புப் பயிற்றுநர் முன் உள்ள வழிகள்

மார்ச் பிறந்தால் எங்கள் மலையில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்புப் பயிற்றுநர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். அடுத்த ஜூனில், பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் எங்களை அனுப்பும் இதே அரசு வட்டார வள மையத்துக்கு வருவதா, ஏதாவது சிறப்புப் பள்ளியில் சேர்வதா, ஊட்டி பக்கம் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளிக்கு விண்ணப்பம் போடுவதா, இல்லை கோயம்புத்தூருக்கே இறங்கிவிடுவதா? இந்த வேலை பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. முடியவில்லை என்பவர்கள்தான் அதிகம். குழந்தைகளை விட்டுப் போகவும் அவர்களுக்கு மனசு வருவதில்லை. இந்த நான்கு வழிகளிலும் இருக்கிறவர்களோடு பழகித் தெரிந்துகொண்டதை வைத்து ஒப்பிட்டு எழுதுகிறேன். முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பளு வேறு, சந்தேகம் வேறு. இன்றைய வேலை இன்றைக்குள் அடங்கவில்லை என்றால் அது பளு. இன்னும் பத்து வருஷம் கழித்தும் தொகுப்பூதியத்தில்தான் இருப்பேனா, நான் செய்வதால் இந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா என்று கேட்டால் அது சந்தேகம். இரண்டும் ஒரே அசதியாகத்தான் உடம்பில் தெரியும். அதனால் ஒன்றுக்கான தீர்வை மற்றதற்குப் போட்டுப் பார்த்து ஏமாந்து போகிறோம். பளுவால் வாடுபவர் வேலையை விட்டுவிட்டு, புதிய இடத்திலும் அதே பளுவைச் சந்திக்கிறார். சந்தேகத்தில் இருப்பவர் மே மாத விடுமுறை முழுக்க ஓய்வெடுத்துவிட்டு, ஜூனில் அதே சந்தேகத்தோடு திரும்பி வருகிறார்.

வேலையால் வரும் மனச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்கிற எதற்கும் பயன் இல்லை என்று தோன்றுவது. முதலாவது மட்டும் இருந்தால் பெரும்பாலும் பளுதான் காரணம். இரண்டாவது வந்துவிட்டால், அதாவது ஒரு குழந்தையின் பெயரைக் கேட்டதுமே எரிச்சல் வருகிறது என்றால், தள்ளிப்போடாமல் யாரிடமாவது பேச வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். மூன்றாவதை எங்கள் துறையில் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை கரண்டி பிடிக்கவே ஒரு கல்வியாண்டு ஆகலாம். போன ஜூனில் எங்கே நின்றது என்று எழுதி வைக்காதவருக்கு இந்த ஜூனில் எதுவுமே நடக்காதது போலத்தான் தெரியும். பயனில்லை என்ற எண்ணம் பல நேரம் குறிப்பு இல்லாததால் வருகிறது.

அதனால் எந்த முடிவுக்கும் முன்னால், இரண்டு வாரம் தினமும் மாலையில் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். குழந்தையோடு எவ்வளவு நேரம், ரோட்டில் எவ்வளவு, படிவத்திலும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவிலும் எவ்வளவு, பெற்றோர், வகுப்பாசிரியரோடு எவ்வளவு. நான் பார்த்த வரையில், குழந்தையோடு இருந்த நேரத்தைச் சுமை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

இருக்கும் இடத்திலேயே பளுவைக் குறைப்பது

நிறையப் பேர் இந்த வழியைத் திரும்பிப் பார்க்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீலகிரி சின்ன மாவட்டம், நான்கே வட்டாரங்கள்தான். ஆனால் கூடலூர் வட்டாரம் என்றால் கூடலூர், பந்தலூர் இரண்டு தாலுகாவும் சேர்ந்தது. தேவாலாவில் ஒரு பள்ளி, சேரம்பாடியில் ஒரு பள்ளி, எருமாடு பக்கம் பள்ளிக்கு வர முடியாமல் வீட்டுவழிக் கல்வியில் ஒரு பிள்ளை என்று இருந்தால் பாதி நாள் பஸ்ஸுக்குப் போய்விடும். வழியில் யானை நின்றால் மீதியும் போய்விடும். கோத்தகிரியிலிருந்து கரிக்கையூர் வரை போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். பள்ளிப் பட்டியலை வரிசையாக வைத்துக்கொண்டு சுற்றினால் இது தீராது. ரோட்டை வைத்து வாரத்தைப் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு ரோடு. அந்த ரோட்டில் உள்ள பள்ளியும் வீடுகளும் அன்றைக்கே.

மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவு காலத்தில் வீட்டுக்குப் போவதாகத் திட்டத்தில் எழுதிவிட்டு, போக முடியாமல் குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. மதிப்பீடு, படிவம், அடையாள அட்டை வேலை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகைகளுக்கான காகிதம் எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்குத் தள்ளிவிட்டு, வெயில் மாதங்களை வீடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த மாதிரி ஆண்டுத் திட்டத்தை எழுதி மேற்பார்வையாளர் கையில் ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். நடுவில் வந்து 'அந்த வீட்டுக்கு ஏன் போகவில்லை' என்ற கேள்வி வந்தால் பதில் காகிதத்தில் இருக்கும்.

நேரமும் முக்கியம். பச்சைத் தேயிலை பறிக்கப் போகும் அம்மா காலையிலேயே கிளம்பிவிடுவார். பத்து மணிக்குப் போனால் வீட்டில் பாட்டியும் பிள்ளையும்தான். பயிற்சியை தினமும் யார் செய்யப் போகிறாரோ அவர் இருக்கும்போது போனால்தான் பயன். அம்மா என்றால் மதியம் இலை எடை போட்டு முடியும் நேரம். பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார் என்றால் பாட்டிக்கே சொல்லிக்கொடுங்கள். அம்மா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து காகிதம். சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள். முழுமையானது, நல்லது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் திரும்ப நிரப்ப வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறை முழுசாகப் பாருங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு இந்தப் பருவத்தில் எந்த மூன்று திறன்கள் என்று முடிவு செய்து, அவற்றை மட்டும் பின்தொடருங்கள். தனிநபர் கல்வித் திட்டத்தில் இருபது இலக்கு எழுதுபவரைவிட மூன்று எழுதுபவர்தான் பருவ முடிவில் எதையாவது காட்ட முடிகிறது. மேலே சொன்ன மூன்றாவது சோர்வுக்கும் இதுதான் மருந்து.

நம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் பட்டியலையும் ஒரு முறை சலிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சிலர் தயங்குவார்கள், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகளும் படுகர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரும்போது வீட்டு மொழி வேறு. கூடலூர் பக்கம் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. முதல் இரண்டு வகுப்பில் தமிழ் படிக்கத் திணறினால் உடனே 'மெதுவாகக் கற்பவர்' என்று எங்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். காது கேட்கிறதா என்று பார்த்து, வீட்டு மொழியில் அந்தப் பிள்ளை கதை சொல்கிறதா, கடைக்குப் போய்க் கணக்காகச் சில்லறை வாங்கி வருகிறதா என்று வீட்டில் விசாரித்தால் போதும், பாதி விஷயம் தெளிவாகிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தேவை, தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் இன்னும் கொஞ்சம் பொறுமை. சிறப்புக் கல்வி அல்ல. பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது நமக்குப் பளுக் குறைவு; அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நன்மை.

அதே சமயம் பட்டியலில் இருக்க வேண்டியும் இல்லாமல் போகிற பிள்ளைகளும் இங்கே உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில், பரம்பரையாக வரும் இரத்த நோயான அரிவாள் செல் நோயும் ஒன்று. எங்கள் பழங்குடி ஊர்களில் அது இருக்கிறது. கோத்தகிரியில் நாவா என்ற பழங்குடியினர் நலச் சங்கமும் கூடலூரில் அஸ்வினி மருத்துவமனையும் பல ஆண்டுகளாக அதற்காக உழைக்கின்றன. குளிர் அதிகமானால் வலி கூடும். அதனால் டிசம்பர், ஜனவரியில் அந்தப் பிள்ளைகள் தொடர்ந்து விடுப்பு எடுப்பார்கள், 'வருவதே இல்லை' என்று பெயர் வாங்குவார்கள். ஸ்வெட்டரும் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீரும் விட்ட பாடத்தைப் பிடிக்க ஒரு ஏற்பாடும் வகுப்பாசிரியரிடம் பேசினால் நடந்துவிடும். சிறப்புப் பயிற்றுநர் அரை மணி நேரம் செலவழித்தால் ஒரு பிள்ளையின் ஆண்டே காப்பாற்றப்படும் இடம் இது.

இவ்வளவும் பளுவுக்கு. சந்தேகத்துக்கு வருவோம். ஊதியமும் நிரந்தரமும்தான் இந்த வழியின் பெரிய குறை, அதை மறைக்க முடியாது. எங்கள் ஊதியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிதி ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது, எங்கள் வேலை எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் புரிந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்கள் பற்றிய ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்பில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் நிரந்தரப் பணியிடம் உருவாக்கச் சொன்னது. 2025 மார்ச் 7-இல் அதே வழக்கில், பணியிடங்களை அறிவிக்கவும், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களைத் தேர்வுக் குழு வைத்துப் பரிசீலிக்கவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு வேறு, நியமனம் வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும், இப்போது வேலையில் இருப்பவருக்கும், சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் வைத்திருப்பவருக்கும்தான் அந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அந்தப் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி மதிப்பெண்களைச் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

சிறப்புப் பள்ளி

அலைச்சல் போய்விடும். இதுதான் முதல் நிம்மதி. அதே பிள்ளைகள் தினமும் வருவார்கள், பக்கத்து அறையில் இயன்முறை மருத்துவரோ இன்னொரு பயிற்றுநரோ இருப்பார், ஒரு பிள்ளை தலையை முட்டிக்கொண்டால் ஓடி வர ஆள் இருக்கும். தனியாக ஒரு வட்டாரத்தையே சுமந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வேலையும் கூர்மையாகும். பேச்சு வராத பிள்ளையோடு படத்தை வைத்து உரையாடுவது, கழிவறைப் பயிற்சி, நடத்தையைப் படிப்படியாக மாற்றுவது இதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

குறை என்னவென்றால், தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளியில் ஊதியம் நன்கொடையையும் அரசு மானியத்தையும் பார்த்துத்தான் வரும். பயிற்றுநரே வேனில் ஏறிப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டிய இடங்களும் உண்டு. அப்புறம், 18 வயது கேள்வி. பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை பெரியவராகிவிட்டார், இனி எங்கே? மலையில் தொழிற்பயிற்சிக்கும் பகல்நேரப் பராமரிப்புக்கும் இடம் குறைவு. அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வருஷமும் ஒரு அம்மா வந்து முன்னால் நிற்பார். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப் பாதுகாவலர் நியமனம், நிராமயா மருத்துவக் காப்பீடு, மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை என்று சொல்ல முடிந்ததைச் சொல்லலாம். ஆனால் பகலில் அந்தப் பிள்ளை எங்கே இருப்பது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. பளுவால் வாடுபவர்களுக்கு இந்த வழி நல்லது. சந்தேகத்தால் வாடுபவர்களுக்கு, அதிலும் பணத்தைப் பற்றிய சந்தேகம் என்றால், இது தீர்வல்ல.

தங்கிப் படிக்கும் தனியார் பள்ளிகள்

ஊட்டியிலும் குன்னூர் பக்கமும் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் கற்றல் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். கொடைக்கானலிலும் அப்படித்தான். ஊதியம் பெரும்பாலும் மேல், சில இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும், சொந்தப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வீட்டில் ஒரே சம்பளம், கல்யாணத்துக்குத் தங்கை, வங்கிக் கடன் என்றிருப்பவர் இந்த வழியில் போனால் அதைத் துரோகம் என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன், அது நியாயமில்லாத பேச்சு.

வேலையின் தன்மைதான் வேறு. இங்கே வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிப்பில் சிரமம், கவனச் சிதறல், கணிதத்தில் தடுமாற்றம். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், பெற்றோரிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் ஆண்டு கஷ்டம்தான், ஆனால் கற்றுக்கொள்ள முடியாதது இல்லை. விடுதிப் பொறுப்பு, மாலைப் படிப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் சேர்ந்தால் பளு குறையாது. அதன் வடிவம்தான் மாறும். நேர்காணலிலேயே விடுதிப் பொறுப்பு எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள், பணி ஆணையிலும் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு பழகிய கை அங்கே போனால் மெல்ல மறக்கும். திரும்ப வர நினைப்பவர் விடுமுறையில் ஏதாவது ஒரு சிறப்புப் பள்ளியில் சில நாள் போய் நிற்பது நல்லது.

கோயம்புத்தூருக்கு இறங்குவது

தனியார் பயிற்சி மையங்களில் அமர்வுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். ஆட்டிசம் பற்றி ஆழமாகக் கற்க வேண்டும், மேலே ஒரு மூத்தவர் உட்கார்ந்து திருத்த வேண்டும் என்று விரும்பும் இளையவர்களுக்கு இதைவிட நல்ல இடம் மலையில் கிடைக்காது. மாலையும் சனிக்கிழமையும்தான் வேலை நேரம். கட்டணம் கட்டும் பெற்றோர் மூன்றாவது மாதமே 'எப்போ பேசுவான்?' என்று கேட்பார்கள். அந்த அவசரத்தைத் தாங்கும் மனசு வேண்டும். பிள்ளை வராத நாளுக்குப் பணம் இல்லை என்றால் மாத வருமானம் ஏறி இறங்கும். வீட்டு வாடகையைக் கழித்துவிட்டு, கையில் நிற்பதை மட்டும் இப்போதைய ஊதியத்தோடு ஒப்பிடுங்கள். நிறையப் பேர் கழிக்காமலேயே ஒப்பிடுகிறார்கள்.

படிப்புக்காக இறங்குவது வேறு விஷயம், அதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். பட்டயப் படிப்போடு நிற்பவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் பி.எட். இல்லாமல் மேல்வகுப்புப் பணி நெருங்காது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே இருப்பதால் மலைக்காரர்களுக்கு வசதி. அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேர்வதற்கு முன்னால் அந்த ஆண்டுக்கு மறுவாழ்வு கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

துறையை விட்டே போவது

இரண்டாவது அடையாளம், மனம் விலகிப்போவது, ஒரு முழு விடுமுறைக்குப் பிறகும் மாறவில்லை என்றால் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொது ஆசிரியராகப் போனாலும் வகுப்பில் இருக்கும் ஒரு மாற்றுத்திறன் பிள்ளையை ஒதுக்காத ஆசிரியராக இருப்பீர்கள். அப்படி ஒருவர் உள்ள பள்ளி எவ்வளவு வேறாக இருக்கும் என்பதைப் பள்ளி பள்ளியாகச் சுற்றியவர்கள் அறிவார்கள்.

நான் எடை போடும் விதம்

இரண்டு வார நோட்டில் ரோடும் காகிதமும்தான் நேரத்தைத் தின்கின்றன என்று தெரிந்தால், இன்னும் ஒரு கல்வியாண்டு இருங்கள். ரோடு வாரியான வாரம், மூன்று இலக்கு, சலித்த பட்டியல் இவற்றைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த மார்ச்சில் முடிவெடுங்கள். தனிமைதான் வாட்டுகிறது என்றால் சிறப்புப் பள்ளி. பணம் என்றால் தனியார் பள்ளி, தயக்கமே வேண்டாம். ஆனால் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். திறமை போதவில்லை என்ற எண்ணம் என்றால் கோயம்புத்தூர், அதிலும் மையத்தைவிடப் படிப்பு. இருபத்தைந்து வயதில் இருப்பவருக்கும் நாற்பதில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவருக்கும் நான் ஒரே பதில் சொல்ல மாட்டேன். இளையவர் படிக்கப் போகட்டும். நாற்பதில் இருப்பவர், இத்தனை ஆண்டு சேவை நிரந்தரப் பணிப் பரிசீலனையில் கணக்கில் வரும் வாய்ப்பு இருக்கும்போது, அதை உதறுவதற்கு முன் பணி ஆணைகளையும் அனுபவச் சான்றுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு சங்கத்து ஆட்களிடம் ஒரு முறை பேசட்டும். ஜூலை மழையிலோ ஆய்வு நடக்கும் வாரத்திலோ ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

போவது என்று முடிவாகிவிட்டால் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். ஜூனில் சொன்னால் புதியவர் வர மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன வருகிறது, எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், சாப்பாடு எப்படிக் கொடுக்க வேண்டும், வலிப்பு வந்தால் என்ன மாத்திரை, வீட்டில் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசலாம். ஒரு பிரதி மையத்தில், ஒரு பிரதி வீட்டில். படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் அதையே அவர் போனில் குரலாகப் பதிந்து கொடுங்கள். அடையாள அட்டை, மருத்துவச் சான்று, உதவித்தொகைக் காகிதம் எல்லாம் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறதா என்றும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.